ஆட்டத்துக்குச் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க!

வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வீட்டுப்பாடம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஏ.டி.ஹெச்.டி. என்று ஒரு வார்த்தை போட்டிருந்தேன். கவனம் ஒரு இடத்தில் நிற்காமை, அடங்காத துறுதுறுப்பு, யோசிப்பதற்குள் செய்துவிடுவது, இவை சேர்ந்தோ தனித்தோ வரும் மூளை வளர்ச்சி சார்ந்த பிரச்சினை அது. அதற்கு வந்த கடிதங்களில் மார்க் பற்றிக் கேட்டவர்கள் கம்மி. "என் பிள்ளையோடு யாரும் சேர்வதில்லை" என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. பெயரும் ஊரும் வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் யாருடையதையும் போடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஏ.டி.ஹெச்.டி. என்று போன வருடம் டாக்டர் சொன்னார். தெருவில் கிரிக்கெட் ஆடப் போனால் பத்தே நிமிடத்தில் அழுதுகொண்டு வருவான். அவுட் ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டான், பேட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவான். இப்போதெல்லாம் அவனைப் பார்த்ததுமே பசங்க "டீம் ஃபுல்" என்கிறார்கள். வகுப்பில் யாரும் பிறந்தநாளுக்குக் கூப்பிடுவதில்லை. தினமும் உட்கார வைத்து எப்படிப் பழக வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்கிறான். வெளியே போனால் பழைய கதைதான்.

பதில்: "கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய வரி அதுதான். அவனுக்கு விதி தெரியும். ஸ்டம்ப் விழுந்த அந்த நொடியில் அது கைக்கு எட்டுவதில்லை. பல பத்தாண்டுகள் இதிலேயே ஊறிய அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி இதை ஒரு கணக்காகவே சொல்வார்: தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் விஷயத்தில் இந்தப் பிள்ளைகள் வயதுக்குச் சுமார் 30 சதவீதம் பின்தங்கி இருப்பார்கள். தோராயக் கணக்குதான், ஆனால் வீட்டில் ரொம்ப உதவும். உங்கள் ஒன்பது வயதுப் பையனுக்கு அவுட் ஆகும்போது மட்டும் ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளை பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் நாம் சிரித்துவிட்டுப் போவோம், இல்லையா? அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்விலும் இதற்கு ஒத்த படம்தான் கிடைத்தது. மூளையின் மேலுறை முதிர்வது மற்ற பிள்ளைகளுக்கு ஏழரை வயதை ஒட்டி என்றால், ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்களுக்குப் பத்தரை வயதை ஒட்டி. மூன்று வருடத் தாமதம்.

இதனால்தான் வீட்டில் உட்கார வைத்து நடத்தும் பாடம் தெரு வரைக்கும் போவதில்லை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தும் 'சோஷியல் ஸ்கில்ஸ்' வகுப்புகளையும் நான் இப்போது யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசிவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட பயிற்சியால் பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல கேரம் போர்டு வாங்கலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை, ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் அந்தத் தெரு டீமை விடுங்கள். ஒருவரையொருவர் முன்பின் தெரியாத பையன்களைக் கோடை முகாமில் சேர்த்துப் பார்த்த 1994 ஆய்வு ஒன்று உண்டு. யாரைப் பிடிக்கவில்லை என்பதைப் பசங்க முதல் நாளிலேயே முடிவு செய்துவிட்டார்கள். ஒருமுறை 'இவன் இப்படித்தான்' என்று விழுந்த பெயர், பையன் மாறினாலும் லேசில் போகாது. அதை உடைக்கப் பத்துப் பேரோடு மல்லுக்கட்டுவதைவிட, அவனைப் பற்றி எதுவும் தெரியாத ஒரே ஒரு பிள்ளையைத் தேடுவது சுலபம். பக்கத்துத் தெரு, வேறு செக்‌ஷன், ஸ்கூல் வேனில் கூட வருபவன், சித்தி பையன், யாராக இருந்தாலும் சரி. ஒரு வயது இரண்டு வயது சின்னவனாக இருந்தால் இன்னும் நல்லது, "சின்னப் பசங்களோட என்னடா ஆட்டம்" என்று வீட்டில் யாரையும் சொல்லவிடாதீர்கள்.

அந்தப் பிள்ளையை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஒருவன் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும். இவன் யாருக்கும் தரமாட்டான் என்று உங்களுக்குத் தெரிந்த பொம்மையை முன்னாடியே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். மொபைல், வீடியோ கேம் வேண்டாம், இரண்டு பேரும் திரையைத்தான் பார்ப்பார்கள். அவன் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். ஐந்து சொன்னால் ஐந்தும் போய்விடும். "இன்னிக்கு ஸ்ட்ரைக்கர் அவன் கையில இருக்கும்போது நாம தொடக் கூடாது", அவ்வளவுதான். நீங்கள் அடுக்களையில் காது கேட்கும் தூரத்தில் இருங்கள். குரல் ஏற ஆரம்பித்தால் பஜ்ஜித் தட்டோடு உள்ளே போங்கள், ஆட்டம் தானாக நிற்கும். யார் முன்னிலையிலும் திட்ட வேண்டாம். அப்புறம் முக்கியமானது, ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் ஆண்ட்டி" என்று அந்தப் பையன் கேட்கிற நிலையில் வீட்டுக்கு அனுப்பினால்தான் அடுத்த வாரம் வருவான். சண்டையில் முடிந்தால் சண்டைதான் அவன் நினைவில் இருக்கும்.

தோற்பதற்குப் பழக்கம் வேண்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவோடு பத்து நிமிடம் கேரம். அப்பா ஜெயிக்க வேண்டும், எப்போதும் இல்லை, மூன்றில் ஒரு தடவை. தோற்றதும் சொல்ல ஒரு வாக்கியம் மட்டும் பழக்குங்கள்: "சரி, அடுத்த ஆட்டம்." அதை வாய் தானாகச் சொல்லும் வரைக்கும். கோபம் வரக் கூடாது என்று கேட்காதீர்கள், கோபம் வரத்தான் செய்யும்.

கிரிக்கெட்டை அடியோடு விடு என்றால் நம்ம ஊரில் நடக்கிற காரியமா? ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடக் கஷ்டமான விளையாட்டு கிடையாது. அரை மணி நேரம் எல்லையில் சும்மா நின்று வராத பந்துக்குக் காத்திருக்க வேண்டும், நடுவர் கிடையாது, அவுட்டா இல்லையா என்பது யார் குரல் பெரிது என்பதைப் பொறுத்தது. திரும்பவும் ஆடப் போனால் கீப்பராக நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பந்தும் அவனிடம் வரும். அவுட் ஆனதும் ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுக்கச் சொல்லுங்கள், கையில் வேலை இருந்தால் பேட்டைத் தூக்க மாட்டான்.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். 42 பிள்ளைகள். ஒருவன் மட்டும் உட்காரவே மாட்டான், கையைத் தூக்கும் முன்பே பதிலைக் கத்திவிடுவான், பக்கத்தில் இருப்பவர்களின் பென்சில், ரப்பர் எல்லாம் அவன் கையில். ஒரு நாளைக்கு ஐம்பது முறை அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன். மற்ற பிள்ளைகளும் அவனை ஒதுக்குகிறார்கள். 41 பேரை விட்டுவிட்டு இவனை மட்டும் பார்க்க முடியுமா?

பதில்: முடியாதுதான் டீச்சர். 42 பேரை வைத்துக்கொண்டு சமாளிக்கும் யாருக்கும் அறிவுரை சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது முறை அவன் பெயரை 41 பிள்ளைகள் எந்தக் குரலில் கேட்கிறார்கள்? பத்து வயதில் யாரைப் பிடிக்க வேண்டும், யாரைப் பிடிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்த்தும் கற்றுக்கொள்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் உளவியலாளர் அமோரி மிகாமி இதை வைத்தே ஒரு முறை உருவாக்கினார். ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் தனியாக நட்பு பாராட்ட வேண்டும், நல்லதைச் சத்தமாகவும் கண்டிப்பை ரகசியமாகவும் சொல்ல வேண்டும், எல்லாரையும் சேர்த்துக்கொள்வது இந்த வகுப்பின் விதி என்று ஆக்க வேண்டும். 2013-இல் வெளியான ஆய்வில், நடத்தையை மட்டும் திருத்தப் பார்த்த வகுப்புகளைவிட இந்த வகுப்புகளில் ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைகளை, முக்கியமாகப் பையன்களை, சக மாணவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது.

நம் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருக்கிறதே, டீச்சர் வெளியே போனால் லீடர் போர்டில் 'பேசியவர்கள்' என்று பெயர் எழுதுவது, திரும்பத் திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவது. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டீச்சர் வெளியே போவதற்கு முன்பே அவன் பெயர் எழுதப்பட்டுவிடும், சில வகுப்புகளில் அழிப்பதுகூட இல்லை. அதேபோல "நீங்களே குரூப் பிரிஞ்சுக்கோங்க" என்று சொல்லாதீர்கள். கடைசியில் தனியாக நிற்பவன் யார் என்று உங்களுக்கே தெரியும். யார் யாரோடு என்று நீங்களே சொல்லிவிடுங்கள், பொறுமையான ஒரு பிள்ளையோடு அவனைச் சேருங்கள். எப்போதும் அதே பிள்ளையோடு சேர்த்தால் அது அந்தப் பிள்ளைக்குத் தண்டனை, மாற்றி மாற்றிப் போடுங்கள்.

உட்காராததைப் பற்றி: எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்களை வைத்து ஃபுளோரிடாவில் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏ.டி.ஹெச்.டி. உள்ளவர்கள் உடம்பை அசைக்க அசைக்கத்தான் நினைவில் வைத்துச் செய்யும் வேலைகளை நன்றாகச் செய்தார்கள், மற்ற பையன்களுக்கு அது தலைகீழ். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் பாடம் கவனிக்கிறான் என்ற நம் கணக்கு அவன் விஷயத்தில் தப்பு. யாருக்கும் மறைக்காத ஓரத்து பெஞ்சில் நின்றுகொண்டு எழுதட்டும். அட்டென்டன்ஸ் ரெஜிஸ்டரை ஹெச்.எம். அறைக்குக் கொண்டுபோவது, நோட்டுக் கட்டைத் தூக்கிவருவது, போர்டு துடைப்பது எல்லாம் அவனுக்கு. தப்பு செய்தான் என்று பி.டி. பீரியடையும் இன்டர்வெல்லையும் மட்டும் பிடுங்காதீர்கள், அடுத்த பீரியடில் அதற்கு வட்டியோடு கட்டுவது நீங்கள்தான்.

கத்துவதற்குப் பதில் ஒரு ரகசிய சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் அவன் மேசையில் இரண்டு தட்டு தட்டினால் 'கையைத் தூக்கு' என்று அர்த்தம். டைரியில் பக்கம் பக்கமாகப் புகார் எழுதுவதையும் விட்டுவிடலாம். ஒரு சின்ன அட்டையில் இரண்டு விஷயம் மட்டும் எழுதுங்கள்: கேட்டு எடுத்தான், கை தூக்கினான். பீரியடுக்கு ஒரு டிக். மாலை அதைப் பார்த்து வீட்டில் அன்றைக்கே ஏதாவது சின்னதாகத் தர வேண்டும். அரையாண்டு முடிந்து சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்பதெல்லாம் இவர்களிடம் செல்லாது.

கேள்வி: சர்க்கரையும் சாக்லேட்டும் நிறுத்தினால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. 1990-களிலேயே சர்க்கரையையும் போலி இனிப்பையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், பிள்ளைகளின் நடத்தையில் வித்தியாசமே இல்லை. பல்லுக்காக நிறுத்துங்கள், நல்லது.

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. அமைதியான பெண். சின்ன வயதிலிருந்தே ஏதோ கனவில் இருப்பது போல இருப்பாள், எதையும் தொலைப்பாள். மூன்று பேர் எப்போதும் ஒன்றாக இருந்தார்கள், இப்போது மற்ற இருவரும் காய் விட்டுவிட்டார்கள். "நாங்க பேசுறத அவ கேக்குறதே இல்ல, சொன்னது எதுவும் ஞாபகம் இல்ல" என்கிறார்களாம். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் இவள் துறுதுறுப்பு இல்லையே, அதனால் ஏ.டி.ஹெச்.டி. இருக்காது என்று மிஸ் சொல்கிறார்.

பதில்: மிஸ் சொல்வது சரியில்லை. துறுதுறுப்பே இல்லாமல் கவனக்குறைவு மட்டும் உள்ள வகை உண்டு, பெண் பிள்ளைகளில் இது பல வருடம் யார் கண்ணிலும் படாமல் போகிறது, வகுப்பில் யாருக்கும் தொந்தரவு இல்லை பாருங்கள். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5 (2013-இல் வந்தது) சொல்லும் அளவுகோலின்படி கவனக்குறைவுக்கான ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு, ஆறு மாதத்துக்கு மேல், வீடு பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், அறிகுறிகள் சில 12 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். இதை நீங்களோ நானோ கடிதத்தில் முடிவு செய்ய முடியாது, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கக் குறைவு, மனச்சோர்வு, காது கேட்பதில் குறை எல்லாம்கூட வெளியே இப்படித்தான் தெரியும், அதையும் பார்ப்பார்கள்.

நட்பு விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வயதில் நட்பு என்றால் ஓடிப்பிடித்து விளையாடுவது. பன்னிரண்டு வயதுப் பெண்களுக்கு அது பேச்சு. நேற்று அவள் அழுதுகொண்டே சொன்னதை இன்று நீ கேட்க வேண்டும். உங்கள் மகள் அந்த இடத்தில்தான் தவறுகிறாள், தோழிகள் அதை மறதி என்று எடுத்துக்கொள்வதில்லை, மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மேலும் தப்பில்லை. மூவர் கூட்டத்தைத் திரும்ப ஒட்டவைக்க ஓடாதீர்கள். இரண்டு பேரில் யார் கொஞ்சம் இளகியவளோ அவளோடு மட்டும் ஒரு சனிக்கிழமை. மூன்று பேர் பேசும் பேச்சில் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று பின்தொடர்வது இவளுக்குக் கஷ்டம், இருவர் என்றால் முடியும். தோழியின் பிறந்தநாள், தோழி சொன்ன பரீட்சை பயம், பாட்டிக்கு ஆபரேஷன், இதையெல்லாம் ராத்திரி ஒரு வரி நோட்டில் எழுதி வைத்து, காலையில் பார்த்துவிட்டுப் போகட்டும். நடிப்பு மாதிரி இருக்கிறதே என்பாள். கணவன் பிறந்தநாளை காலண்டரில் வட்டம் போட்டு வைக்கும் நாமெல்லாம் நடிகைகளா? ஒரே ஒரு தோழி இருந்தாலும் கேலியும் ஒதுக்கலும் குறைகிறது என்று ஏ.டி.ஹெச்.டி. பெண் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2011-இல் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருக்கிறான். பென்சிலால் குத்துகிறான், டிபன் பாக்ஸைப் பிடுங்குகிறான். பெற்றோர் எல்லாரும் சேர்ந்து அவனை டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறோம். இதில் என்ன தப்பு?

பதில்: உங்கள் மகள் குத்துப்படாமல் உட்கார வேண்டும், அதில் இரண்டாவது பேச்சு கிடையாது. இடம் மாற்றச் சொல்லுங்கள், நாளைக்கே சொல்லுங்கள், டிபன் நேரத்தில் ஒரு ஆயாவோ டீச்சரோ கண் வைக்க வேண்டும் என்றும் கேளுங்கள். கையெழுத்து வேட்டையில் எனக்கு உடன்பாடு இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, பிள்ளையைப் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது. சட்டத்தை விடுங்கள். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஐந்து பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள், நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். இவனை அனுப்பினால் அடுத்த வருடம் இன்னொருவன் வருவான். அந்தப் பையனின் அம்மாவை பி.டி.எம்.-இல் பார்த்தால் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், அந்த ஹாலில் யாருமே பேசாத பெண்மணி அவராகத்தான் இருப்பார்.

கேள்வி: மாத்திரை கொடுத்தால் நண்பர்கள் கிடைப்பார்களா?

பதில்: மாத்திரை கவனத்துக்கும் துறுதுறுப்புக்கும் நன்றாகவே வேலை செய்கிறது, அதில் சந்தேகம் வேண்டாம். நட்புக்கு அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 579 பிள்ளைகளுக்கு 14 மாதம் சிகிச்சை கொடுத்துப் பார்த்த எம்.டி.ஏ. ஆய்வில், மாத்திரை, பயிற்சி, இரண்டும் சேர்த்து என எதைக் கொடுத்தாலும், சிகிச்சை முடிவில் சக மாணவர்கள் மத்தியில் அவர்கள் நிலை மற்ற பிள்ளைகள் அளவுக்கு வரவில்லை. அதே பிள்ளைகளில் ஒரு பகுதியை எடுத்துப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் வகுப்பில் ஒதுக்கப்பட்டவர்கள். பழைய பெயர் மாத்திரையில் கரையாது, அவ்வளவுதான் விஷயம். இன்னொன்று, ஏ.டி.ஹெச்.டி.-க்குத் தரும் மருந்தான மெத்தில்ஃபெனிடேட்டின் சாதாரண மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் நிற்கும். காலையில் போட்டது கணக்கு பீரியடுக்கு உதவும், மாலை ஐந்து மணிக்குத் தெருவில் இருக்காது. விளையாட்டு நேரச் சண்டைதான் பெரிய தலைவலி என்றால் டாக்டரிடம் அதைக் குறிப்பாகச் சொல்லுங்கள், நேரத்தை அவர்தான் மாற்ற வேண்டும், நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். மாத்திரையால் மதியம் பசி இருக்காது, டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரும், அதற்கும் திட்டாதீர்கள். தனியாரிடம் போக வசதி இல்லாதவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், 18 வயதுவரை இலவசம். யாரிடம் தொடங்குவது என்றே புரியவில்லை என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி மையமான டெலி மானஸ் எண் 14416.

கேள்வி: நாங்களெல்லாம் அடி வாங்கித்தான் ஒழுங்காக வளர்ந்தோம். பேரனுக்கு ரெண்டு போட்டால் எல்லாம் அடங்கும். இதற்குப் போய் ஒரு பெயர் வேறு! (ஒரு தாத்தா)

பதில்: ஐயா, உங்கள் வகுப்பில் தினமும் முட்டி போட்ட ஒரு பையன் இருந்திருப்பார். எட்டாவதோடு நின்றுவிட்டவர். அவர் ஞாபகம் வருகிறதா? அவருக்கும் நிறைய அடி விழுந்தது.

கேள்வி: எனக்கு 11 வயசு. எனக்கு ஏ.டி.ஹெச்.டி. இருக்குன்னு என் ஃப்ரெண்டுகிட்ட சொல்லலாமா? சொன்னா எல்லார்கிட்டயும் சொல்லிடுவானா?

பதில்: தம்பி, நீயே எழுதிக் கேட்டதற்கு முதலில் ஒரு சபாஷ். சொல்லிவிடுவானா என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். இதற்கு முன்னால் நீ சொன்ன ஏதாவது ஒரு ரகசியத்தை அவன் காப்பாற்றியிருக்கிறானா என்று யோசித்துப் பார். அந்த வார்த்தையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "நீ பேசும்போது நான் சில நேரம் குறுக்கே பேசிடுவேன்டா, வேணும்னு செய்யல, அப்ப என் தோளைத் தட்டு" என்று சொன்னாலே அவனுக்கு வேண்டியது கிடைத்துவிடும். அப்புறம், அவன் தட்டும்போது கோபப்படக் கூடாது. அது கஷ்டம்தான், முதல் இரண்டு மூன்று தடவை கோபம் வரும். வந்தால் அன்றைக்கே போய் பழம் விட்டுவிடு, மறுநாள் வரை வைத்திருக்காதே, உனக்கு மறந்துவிடும், அவனுக்கு மறக்காது.